நாலு மூலையும் தெரியணும்

டிவி கெட்டுப்போனால்தான் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து நீங்கள் இந்த வேலைக்கு வந்திருந்தால், முதல் மாதத்திலேயே அந்த நினைப்பு கழன்றுவிடும். எனக்கு வந்த அழைப்புகளில் பாதி, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த டிவிகளுக்காக வந்தவை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் என் பைக் நுழையாத தெரு இல்லை. கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் டிவியைக் காட்டி, "ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை வருது, இன்னா டிவி குடுத்துகிறீங்கோ?" என்பார். வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்கப்புறம்தான்.

அது டிவிக்கு வந்த நோய் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பழைய படங்கள், பழைய கேமராக்கள் எல்லாம் கிட்டத்தட்டச் சதுரமான படம் தரும். இப்போதைய டிவியோ அகலம். சதுரத்தை அகலத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சத்தான் செய்யும். அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழி உண்டு. படத்தைப் பக்கவாட்டில் இழுக்கலாம். கதாநாயகனுக்குத் தொப்பை விழுந்துவிடும். அல்லது படத்தையே பெரிதாக்கலாம், அதாவது ஜூம். மேலேயும் கீழேயும் கொஞ்சம் திரைக்கு வெளியே போய்விடும். எந்தக் கம்பெனி டிவியில் எந்த மெனுவுக்குள் இது ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதைச் சொல்லித்தர நான் வரவில்லை.

ஜனங்களுக்குப் பட்டை பிடிக்காது. முழு டிவி வாங்கியிருக்கிறோம், படம் முழு டிவிக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நியாயம். வள்ளூரில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார், ஷிப்ட் வேலைக்காரர். வீட்டில் பழைய செட்டாப் பாக்ஸ். ஜூமில் வைத்துத்தான் கிரிக்கெட் பார்ப்பார். கீழே வரும் ஸ்கோர் வெட்டுப்பட்டுப் போகும். ஓவருக்கு ஓவர் நண்பருக்கு ஃபோன் போட்டு ஸ்கோர் கேட்டுக்கொள்வார். நான் படத்தைச் சரியாக வைத்து ஸ்கோரைக் காட்டினேன். பட்டையைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேணாம் சார், பழையபடியே வச்சுடுங்க. தோஸ்து கீறான், ஃபோன் போட்டுக்கிறேன்" என்றார். அப்படியே வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வீடு, அவர் டிவி, அவர் தோஸ்து.

நான் சேர்ந்த புதிதில் சர்வீஸ் சென்டரில் ஒரு சீனியர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். வேலை முடிந்ததும் ரிமோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் போய், அவர்கள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "நீங்களே மாத்துங்க" என்பார். அவர்கள் தப்புத் தப்பாக அழுத்துவார்கள், அவர் அசைய மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் வெளியே வந்து கேட்டேன். "நீ அழுத்துனா அது உன் கைவேலைடா. நாளைக்கு இன்னா ஆனாலும் அந்தாள் இன்னாவோ பண்ணிட்டுப் போய்ட்டான்னு சொல்லுவாங்க. அவங்க அழுத்தட்டும்" என்றார். இன்னொன்றும் சொல்வார். படம் சரியா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, ஒல்லியும் குண்டும் ஆளுக்கு ஆள் வேறு. வட்டமாக இருக்க வேண்டியது எதுவோ அதைப் பார். தட்டு, சக்கரம், நெற்றிப் பொட்டு. இந்த இரண்டு பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டன. அவற்றின் அருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

அங்கே ஒரு கேரம் கிளப் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு ஊர்களில் கேரம் என்பது மழைக்காலத்துப் பொழுதுபோக்கு. வட சென்னையில் தெருவுக்குத் தெரு கிளப், கிளப்புக்குக் கிளப் பகை. பெரிய போட்டியின் ஃபைனல் என்றால் அறைக்குள் ஆடுகிற இருவர், நடுவர், புள்ளி எழுதுகிறவர், அவ்வளவு பேருக்குத்தான் இடம். இருமுவதென்றால்கூட வெளியே போய்த்தான் இரும வேண்டும். மற்ற எல்லாரும் தெருவில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து டிவியில் பார்ப்பார்கள். போர்டுக்கு நேர் மேலே கேமரா தொங்கும்.

கிளப் செயலாளர் இஸ்மாயில் பாய் அன்று காலையிலேயே என்னை அழைத்துவிட்டார். டிவியில் வெறும் நீலம் வருகிறதாம். போய்ப் பார்த்தால் ஒரு கேபிள் ஆடிக்கொண்டிருந்தது. அழுத்திச் சொருகியதும் படம் வந்துவிட்டது. கேமராவும் பதிவுப் பெட்டியும் வினோத்துடையவை. அவன் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன். பழைய கேமரா, சதுரப் படம். கேரம் போர்டும் சதுரம். பிறகென்ன வேண்டும்? நாலு மூலைப் பாக்கெட்டும் அழகாகத் தெரிந்தன. போர்டின் நடு வட்டம் வட்டமாகவே இருந்தது. இரண்டு பக்கமும் பட்டை. ரிமோட்டைப் பாய் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலி வரிசைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது, சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் ஃபைனல் பார்க்கத் திரும்பி வந்தபோது டிவி ஜூமில் இருந்தது. காய் ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அளவு. மேலே இருந்த இரண்டு பாக்கெட்டும் இல்லை, கீழே இருந்த இரண்டும் இல்லை.

"பாய், மூலையே காணோமே" என்றேன்.

"சேகரண்ணே, காலைல பட்டைய பாத்துட்டு ஜனங்க இன்னா சத்தம் போட்டுச்சு தெரியுமா? இப்ப பாருங்க, எவ்ளோ குஷியா கீறாங்க. காய் எங்க போய் வுழும்? பாக்கெட்லதான் வுழும். அத்த வேற காட்டணுமா?"

"பாக்கெட் தெரியாம கேரம் பாக்குறது, கோல்போஸ்ட் தெரியாம ஃபுட்பால் பாக்குற மாதிரி பாய்."

"நடுவர் கீறாருண்ணே, அவரு சொல்லுவாரு. நீங்க ஒக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டிவி கிளப்புடையது, விழா அவருடையது. ஆட்டமும் தொடங்கிவிட்டது. உட்கார்ந்தேன்.

ஆடுகிறவர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஸ்டெல்லா. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் மேஸ்திரி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொட்டகைப் பெண்கள் மொத்தமாக வந்து ஷாமியானாவின் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். எதிரே எண்ணூர் குமார். காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை செய்யும் வெல்டர், பார்த்தால் வாய் பேசாத பிள்ளை, ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் பேய். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் போட்டி அது. ஜெயிப்பவரை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஒரு பெண் ஃபைனலுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தின் கடைசி போர்டு, அதாவது கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டார்கள். அதை எடுப்பவருக்குத்தான் கோப்பை.

அந்த போர்டில் ஸ்டெல்லா சிவப்புக் காயைப் போட்டார். கொட்டகைப் பெண்கள் எழுந்தே விட்டார்கள். ஆனால் சிவப்பு போட்டால் போதாது, அடுத்த அடியிலேயே தன்னுடைய காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். ஸ்டெல்லா தன் வலது கைப்பக்க மூலைக்கு ஒரு வெள்ளைக் காயைத் தள்ளினார். டிவியில் அந்தக் காய் கீழே ஓடி, திரையின் விளிம்பைத் தாண்டி மறைந்தது. ஸ்ட்ரைக்கரும் அதன் பின்னாலேயே மறைந்தது. ஸ்டெல்லாவின் கை கீழே இறங்கி மறைந்து, ஸ்ட்ரைக்கரோடு திரும்பி வந்தது. ஒலிபெருக்கியில் நடுவர், "ஃபாலோ சரி" என்றார்.

"எங்கய்யா வுழுந்துச்சு?"

நாற்காலி மேல் ஏறி நின்றவர் தாமோதரன். குமாரின் தாய்மாமன், டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். குரலுக்கு மைக் தேவையில்லாத ஆள்.

"காய் ஓரத்துலயே நின்னுச்சு. அந்தம்மா கைய உட்டு உள்ள தள்ளிச்சு. எல்லாரும் பாத்துகினுதான கீறோம்? கள்ளாட்டம் இது."

எண்ணூரிலிருந்து வந்த கூட்டம் முழுக்க எழுந்துகொண்டது. "கைய உட்டா, கைய உட்டா" என்று ஒருவர் சொல்ல நாலு பேர் சொன்னார்கள். நடுவர் ராயபுரத்துக்காரர், அப்படித்தான் சொல்வார் என்றார்கள். சத்தம் கேட்டுக் குமார் வெளியே ஓடி வந்தான்.

"மாமா, வுழுந்துச்சு மாமா. என் எதுருலதான வுழுந்துச்சு."

"நீ சும்மா இர்றா. உனுக்கு இன்னா தெரியும்? நாங்க டிவில பாத்தோம்."

எதிரே உட்கார்ந்து ஆடியவனுக்குத் தெரியாதாம், தெருவில் நின்றவருக்குத் தெரியுமாம். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். கொட்டகைப் பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் கையில் இறால் கத்தி இல்லாதது கர்த்தர் புண்ணியம்.

இஸ்மாயில் பாய் ஒரு காரியம் செய்தார். பதிவாகியிருந்த அந்த அடியை டிவியில் மறுபடி போடச் சொன்னார். வினோத் போட்டான். அதே டிவி, அதே ஜூம். காய் விளிம்பைத் தாண்டி மறைந்தது, ஸ்டெல்லாவின் கை கீழே இறங்கியது, திரும்பியது. "பாத்தியா, பாத்தியா" என்று தாமோதரன் துள்ளினார். சந்தேகமாக இருந்தது இப்போது சாட்சியாகிவிட்டது. இரண்டு நாற்காலிகள் சரிந்தன.

அப்போதுதான் ஸ்டெல்லா வாசலுக்கு வந்தார். யாரோ ஒருவன் "திருடி" என்றான். அவர் முகத்தை நான் பார்த்தேன். கோப்பை போகட்டும், நாளைக் காலை இதே தெரு வழியாகத்தான் அவர் வேலைக்குப் போக வேண்டும். அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் இங்கேதான் நிற்கிறார்கள்.

பாய் அவரிடம் தணிந்த குரலில், "ஸ்டெல்லாம்மா, பேஜாரு வேணாம். இந்த ஒரு போர்ட மட்டும் மொதல்லேர்ந்து ஆடிடலாம். எல்லாரும் அமைதியா பூடுவாங்க" என்றார்.

"ஆடலாம் பாய். ஆடுனா, கைய உட்டேன்னு நானே ஒத்துக்கினதா ஆவும்" என்றார் ஸ்டெல்லா.

நான் பாயின் தோளைத் தொட்டேன். "பெட்டியில படம் முழுசா இருக்கு பாய். டிவிதான் மேலயும் கீழயும் வெட்டிட்டுக் காட்டுது. சைஸை மாத்திட்டு அதையே மறுபடி போடலாம்" என்றேன்.

அதே நேரம் வினோத் என் காதருகே வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். ஃபேன் காத்துக்கு கேமரா ஆடுதுன்னு மத்தியானம் கழட்டி மாட்டினேன். ஜூம்ல இருந்ததால மூலை உள்ள கீதா வெளிய கீதான்னு நான் பாக்கல."

இப்போது விளங்குகிறதா சிக்கல்? படத்தை முழுசாகத் திறந்தும் அந்த மூலை தெரியாமல் போனால் என்ன ஆகும்? முழுப் படத்தையும் காட்டியாச்சு, அதிலும் காய் விழுந்தது தெரியவில்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் ஸ்டெல்லாவை யாராலும் காப்பாற்ற முடியாது. அந்தப் பழியை அவர் தலையில் கொட்டியது என் கையாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு, போர்டைத் திருப்பி ஆடட்டும் என்று விட்டுவிடலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

உங்களில் சிலர் இந்த மாதிரி நேரத்தில் தைரியமாக முடிவெடுக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு அந்தத் தைரியம் அன்று இல்லை, இல்லாதது நல்லதுதான். அது என் முடிவே கிடையாது. ஸ்டெல்லாவிடம் போனேன்.

"தங்கச்சி, முழுப் படத்தைக் காட்ட முடியும். காலையில நாலு மூலையும் தெரிஞ்சுது. நடுவுல கேமராவைக் கழட்டி மாட்டியிருக்காங்க. இப்ப அந்த மூலை தெரியுமா, தெரியாதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியலன்னா?"

"சந்தேகம் அப்படியே நின்னுடும்மா."

அவர் தெருவை ஒரு தரம் பார்த்தார். "இப்ப மட்டும் இன்னா வாழுது? போடுங்கண்ணே" என்றார்.

நான் டிவி பக்கம் போனதும் தாமோதரன் குறுக்கே வந்தார். "ஏய், நீ யாரு? டிவில இன்னா நோண்டப் போற? உங்க ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தப் போறியா?"

நியாயமான கேள்வி. நான் ராயபுரத்துக்காரன், கிளப் கூப்பிட்டு வந்தவன். நான் எதை அழுத்தி எது வந்தாலும் அந்தாள் இன்னாவோ பண்ணிட்டான் என்றுதான் சொல்வார்கள். என் சீனியரின் குரல் காதில் கேட்டது. பாயிடமிருந்து ரிமோட்டை வாங்கித் தாமோதரன் கையில் வைத்தேன்.

"நீங்களே அழுத்துங்க மாமா. நான் டிவிகிட்டயே போகல."

அவர் ரிமோட்டைப் பாம்பு மாதிரி பார்த்தார். "இன்னா, என்னைக் கோத்து உடுறியா?"

"உங்களத் தவிர வேற யாரு அழுத்தினாலும் நீங்க நம்ப மாட்டீங்க. பிக்சர் சைஸுன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை மட்டும் அழுத்துங்க." சொல்லிவிட்டு நாற்காலி வரிசைக்குப் பின்னால், எண்ணூர்க்காரர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

வினோத் அந்த அடிக்கு முன்னால் படத்தை நிறுத்தி வைத்தான். தாமோதரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுத்தினார். படம் இன்னும் பெரிதானது. ஸ்டெல்லாவின் விரல் முட்டி தேங்காய் அளவுக்கு வந்தது. கூட்டம் கத்தியது. "இத்தான் முழுப்படமா?" என்று என்னை முறைத்தார்.

"இன்னொரு தரம்."

அழுத்தினார். இந்தத் தடவை போர்டு பக்கவாட்டில் இழுபட்டுக் கட்டில் போல நீண்டது. ஆனால் மேலேயும் கீழேயும் இருந்ததெல்லாம் திரைக்குள் வந்துவிட்டது. என் கண் நேராக அந்த மூலைக்குப் போனது. மேல் மூலை ஒன்று பாதிதான் இருந்தது. வினோத் கேமராவைக் கோணலாகத்தான் மாட்டியிருந்தான். ஸ்டெல்லாவின் வலது கைப்பக்கப் பாக்கெட்டு, திரையின் ஓரத்தை உரசிக்கொண்டு, முழுசாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"தோ, மூலை வந்துச்சு. போதும், ஓட்டு" என்றார் தாமோதரன்.

"காயெல்லாம் முட்ட மாதிரி கீது மாமா. இத்த வச்சு இன்னா சொல்றது?" என்று அவர் ஆட்களில் ஒருவனே கேட்டான். அவன் கேட்டதும் சரிதான். கோணிப்போன படத்தில் தெரிவதை நாளைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நடுவுல ஒரு வட்டம் இருக்கு பாருங்க மாமா. அது வட்டமா வர்ற வரைக்கும் அழுத்துங்க. வட்டமா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க, நான் சொல்லல" என்றேன்.

அழுத்தினார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. நடுவில் போர்டு, அளவெடுத்த மாதிரி சதுரமாக நின்றது. காலையில் அதே பட்டைக்காகக் கத்திய தெரு இப்போது கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இப்ப வட்டம்" என்றார் தாமோதரன், தானாகவே.

வினோத் ஓட்டினான். ஸ்ட்ரைக்கர் கிளம்பியது. வெள்ளைக் காய் மூலைக்கு ஓடியது, விளிம்பில் நிற்கவே இல்லை, நேராக உள்ளே விழுந்து மறைந்தது. ஸ்ட்ரைக்கர் பின்னால் உருண்டு வந்து பாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அதற்கப்புறம்தான் ஸ்டெல்லாவின் கை வந்தது. ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கொட்டகைப் பெண்கள் போட்ட சத்தத்தில் ஷாமியானா கம்பம் ஆடியிருக்கும். தாமோதரன் மட்டும், "மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டார்கள். டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். ரிமோட்டு அவர் கையில் இருந்தது, வட்டம் என்று சொன்னதும் அவர் வாய்தான். யாரைச் சொல்வார்? திரும்பி, வாசலில் நின்ற ஸ்டெல்லாவிடம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, வாய் தவறிச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

"அத்த மைக்குல சொல்லுங்கண்ணே" என்றார் ஸ்டெல்லா. "கள்ளாட்டம்னு சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சு. இது மட்டும் என் காதுல சொல்றீங்களே? சொல்லுங்க, அப்பால நான் போய் ஒக்கார்றேன்."

இஸ்மாயில் பாய் ஓடிப்போய் மைக்கை எடுத்து வந்தார். தாமோதரன் அதை வாங்கி, தொண்டையைக் கனைத்து, "காய் வுழுந்துச்சு. அந்தம்மா கைய உடல. நான் சொன்னது தப்பு" என்றார். எண்ணூர்க் கூட்டத்திலேயே கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவன் குமார்.

போர்டை யாரும் தொடாமல் நடுவர் காவல் இருந்தார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று பாய் அறிவித்தபோது, தாமோதரன் கையைத் தூக்கினார்.

"இரு பாய். அந்த மேல் மூலை பாதிதான் தெரியுது. கேமராவ நேரா மாட்டச் சொல்லு. நாலு மூலையும் தெரியணும், அப்பால ஆட்டம்."

வினோத் ஏணியில் ஏறிச் சரிசெய்தான். தாமோதரன் டிவி முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட, தோ போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் இரண்டு வெள்ளைக் காய், குமாருக்கு ஒரே ஒரு கறுப்பு. ஸ்டெல்லா ஒன்றைப் போட்டார். அடுத்தது பாக்கெட்டின் உதட்டில் முட்டித் திரும்பிவிட்டது. தெரு முழுக்க ஒரே மூச்சாக "ச்ச" என்றது. அது முட்டியது எல்லாருக்கும் தெரிந்தது, யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குமார் அடித்தான். கறுப்புக் காய் நூலளவில் தப்பியது. தாமோதரன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா ஸ்ட்ரைக்கரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அதே வலது கைப்பக்க மூலை. காய் நிதானமாகப் போய் உள்ளே இறங்கியது. நடுவர் வாய் திறப்பதற்கு முன்னால் தெரு ஆர்ப்பரித்துவிட்டது.

நாளை நீங்கள் ஏதோ ஒரு வீட்டுக்குப் போவீர்கள், பட்டையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்துக் கொடுங்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் எது திரைக்கு வெளியே போகிறது என்பதை ஒரு தரமாவது காட்டிவிட்டு எடுங்கள். ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்துக் காட்டுங்கள். நாம் திரையை நிரப்பிக் கொடுக்கிற நேரத்தில் ஓரத்தில் யாருடைய காய் விழுகிறதோ, நமக்குத் தெரியாது.

ஸ்டெல்லா வெளியே வந்தபோது குமார்தான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தான். கொட்டகைப் பெண்கள் அவரைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிவி முன்னால் வந்து நின்றார். அன்று முழுக்க வாசலைத் தாண்டாதவர், தன் ஆட்டம் தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அப்போதுதான் நேர் எதிரே நின்று பார்க்கிறார். வினோத் அந்தக் கடைசி அடியைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இம்மாம் பெரிய டிவில இத்துனூண்டு தெரியுது" என்றார்.

"சின்னதா இருந்தாலும் முழுசா கீது, தங்கச்சி" என்றார் தாமோதரன்.

ஸ்டெல்லா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கி, டிவியை நிறுத்தலாம் என்று இஸ்மாயில் பாய் ரிமோட்டைத் தேடினார். அது தாமோதரனின் சட்டைப் பையில் இருந்தது. கடைசி ஆள் கிளம்புகிற வரைக்கும் யாரும் படத்தைத் தொடக் கூடாது என்று அவர் தர மறுத்துவிட்டார்.